மூன்றாம் பகுதியைத் திருத்தும்போது

கட்டுரையை அனுப்பும் இணையப் பக்கத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. "இந்த இறுதி வடிவத்தை, எழுதிய அனைவரும் படித்து ஒப்புக்கொண்டார்களா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு சிறு கட்டங்கள். எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. எழுதியவர்கள் இருவர். அவர்களில் ஒருத்தியான நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

இறந்தவர் பெயரை எப்படிப் போடுவது என்று இதழுக்கு ஒரு விதி உண்டு. பெயருக்கு மேல் ஒரு சிறு குறி, பக்கத்தின் அடியில் ஒரு வரி. அது சுலபம். ஆனால் அந்த விதி நீ பார்த்து முடித்த கட்டுரைக்கானது. நான் அனுப்ப நினைப்பது நீ பார்த்த கட்டுரை அல்ல. நாளை கடைசி நாள். இரண்டு முறை அவகாசம் கேட்டாகிவிட்டது, மூன்றாம் முறை கேட்க எனக்கு முகமில்லை. அதனால் இந்தப் புதன்கிழமை மாலை, துறையில் எல்லோரும் போன பிறகு, கட்டுரையை மூடிவைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து, "சோலிய விட்டுப்போட்டு கடுதாசி எழுதுகா பாரு" என்று சொல்லியிருப்பாய்.

எல்லைப்பக்கத்து ஊர்களிலிருந்து காலை ரயிலில் நகரத்துக்கு வீட்டுவேலைக்கு வரும் பெண்களைப் பற்றிய ஆய்வு அது. யோசனை உன்னுடையது. பாறசாலைக்குப் பக்கத்திலிருந்து பதினெட்டு வருடம் அதே ரயிலில் வந்தவள் நீ. அவர்களோடு நின்றபடி, அவர்கள் மடியில் உன் பையை வைத்தபடி. நகரத்துக்குள், வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அவர்கள் வேலை செய்யும் வீடுகளில் சிலவற்றுக்குள் நுழைய முடிந்தது. ஆகவே பங்கு பிரித்தோம். ரயிலில் பேசுவது நீ, வீடுகளில் பேசுவது நான். நாற்பது பெண்கள் என்று கணக்கு.

நாம் எழுதிய விதம் துறையில் யாருக்கும் புரிந்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, நான் எழுதியதை நீ உரக்கப் படிப்பாய். என் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீ படித்தால்தான் அது எங்கே நன்றாக மட்டும் இருக்கிறது, எங்கே எதையாவது சொல்கிறது என்பது தெரியும். ஒரு வாக்கியத்தில் மூச்சு முட்டினால் நிறுத்துவாய். "இத எந்த மனுசியாவது வாயால சொல்லுவாளாட்டி?"

எல்லோரும் முன்னுரையில் தொடங்குவார்கள். நீ ஆய்வின் வரம்புகளில் தொடங்குவாய். நமக்கு என்ன தெரியாது, யாரிடம் கேட்கவில்லை, எங்கே தவறியிருக்கலாம் என்ற பத்தியை முதலில் எழுதி முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட விடுவாய். முதல் தடவை எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"இது கடைசியில வர வேண்டியது. முதல்லயே எதுக்கு?"

"கடைசியில எழுதினா மன்னிப்பு கேக்குற மாதிரி இருக்கும். மொதல்ல எழுதினா அதுக்கு மேல பொய் சொல்ல முடியாது."

நான் எதையும் எளிதில் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது எனக்குப் பிறவிக் குணம். அந்தச் சந்தேகத்தை என் பக்கமும் திருப்ப வேண்டும் என்பதை உன் அந்தப் பத்திகள்தான் எனக்குக் காட்டின. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்றும் தெரியும். "மாமிக்குக் காய்ச்சலா?"

நம் முதல் கட்டுரை மூன்று இதழ்களில் திரும்பியது நினைவிருக்கிறதா? மூன்றாவது மறுப்புக் கடிதம் வந்த அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. நீ அந்தக் கடிதத்தை வாங்கி, மேசையின் மேல் ஒரு கையை ஊன்றி, உங்கள் சபைப் போதகர் நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பிரசங்கிக்கும் குரலில் படித்தாய். "இக்கட்டுரையின் கோட்பாட்டுப் பங்களிப்பு தெளிவாக இல்லை, சகோதரிகளே!" பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் எட்டிப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். பிறகு உன் டப்பாவிலிருந்த மரச்சீனிக் கிழங்கில் பாதியையும் சாப்பிட்டேன். அதன் பிறகு எந்த மறுப்புக் கடிதத்தையும் நான் மௌனமாகப் படித்ததில்லை. உன் குரலில்தான் படிக்கிறேன். அதில் பாதி வலி போய்விடுகிறது.

கட்டுரை அனுப்பும் நாளில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கும் வழக்கமும் நீ தொடங்கியதுதான். கிறிஸ்தவச்சியான நீ சொல்லி, கடவுள் விஷயத்தில் எந்த முடிவுக்கும் வராத நான் உடைப்பேன்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு உனக்குத் தெரியுமோன்னோ?"

"எனக்கும்தான் இல்ல. நம்பாத ரெண்டு பேரு சேந்து வந்து நிக்கோம், அவருக்கும் ஒரு மாத்தமா இருக்கும். ஓங்கிப் போடுட்டி!"

நம்மிடையே வந்த ஒரே பெரிய சண்டை வார்த்தை எண்ணிக்கையைப் பற்றியது. இதழ் எட்டாயிரம் வார்த்தைக்கு மேல் ஏற்காது. நமக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வார்த்தை கூடுதலாக இருந்தது. உன் வழக்கப்படி ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் அது சொல்லப்பட்ட இடத்தைக் குறித்திருந்தாய். அட்டவணையில் அதற்கென்று ஒரு தனி நிரல். என் பேட்டிகளின் ஓரத்திலும் பென்சிலால் அதே கேள்வியை எழுதிவைப்பாய். "எங்க வச்சு?"

நான் அந்த நிரலை எடுத்துவிடலாம் என்றேன்.

"யாரு சொன்னாங்கறது இருக்கு, என்ன சொன்னாங்கறது இருக்கு. எங்கே சொன்னான்னு எந்த ரெவ்யூவர் கேக்கப்போறான்?"

"ரெவ்யூவர் கேக்கமாட்டான். அடுப்படியில நின்னு சொல்லுகதும் வண்டியில இருந்து சொல்லுகதும் ஒண்ணாட்டி?"

"ஒண்ணில்லை. ஆனா ஆயிரம் வார்த்தைக்கு நான் எங்கே போவேன்?"

இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வெட்டு. எனக்க நோட்டுல இருக்கு, அது போதும்" என்றாய். நான் வெட்டினேன். எட்டாயிரத்துக்குள் அடங்கியது. உன்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தேங்காயும் உடைத்தேன்.

மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகள் வந்தபோது நீ மருத்துவமனையில் இருந்தாய். ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கட்டிலருகே உட்கார்ந்து உனக்குப் படித்துக் காட்டினேன். முதலாமவர் நம் மூன்றாம் பகுதியைப் புகழ்ந்திருந்தார். பொறுத்துப்போகும் பெண்கள் ஒரு வகை, எதிர்த்து நிற்கும் பெண்கள் ஒரு வகை என்று நாம் பிரித்த பகுதி. பொறுத்துப்போவதற்குக் கமலா, எதிர்த்து நிற்பதற்கு எஸ்தர். இரண்டும் நாம் வைத்த புனைபெயர்கள். கமலாவையும் எஸ்தரையும் அடுத்தடுத்து நிறுத்தியதுதான் இந்தக் கட்டுரையின் வலுவான இடம் என்று எழுதியிருந்தார். நீ கண்ணை மூடியபடியே சொன்னாய்:

"இம்பிடு புகழுகானே. எங்கயோ தப்பு இருக்குட்டி."

நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். நீயும் வேடிக்கையாகத்தான் சொன்னாய். மூன்று வாரத்தில் நீ இல்லை.

அந்த அறிக்கைகளை நான் பல மாதம் தொடவில்லை. பத்து நாள் முன்புதான் உட்கார்ந்தேன். இரண்டாம் மதிப்பீட்டாளர் ஒரு சிறிய கேள்வி கேட்டிருந்தார். வேலை செய்யும் பெண்ணுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வழக்கத்தைக் கமலாவின் பேட்டியில் ஒரு வரியில் குறிப்பிடுகிறீர்கள், வேறு எத்தனை பேர் அதைச் சொன்னார்கள்? நியாயமான கேள்வி. எல்லாப் பேட்டிகளிலும் தேடினேன். டம்ளர் பலரிடம் இருந்தது. அடியில் நீல நகப்பூச்சால் புள்ளி வைத்த டம்ளர் இரண்டு பேரிடம் மட்டும் இருந்தது. ஒருத்தி கமலா, மற்றவள் எஸ்தர்.

கமலா என்னிடம் சொன்னது இது. "அது அடையாளத்துக்குத்தாம்மா. நல்ல ஆளுங்க. எனக்கு அங்க ஒரு குறையும் இல்ல."

எஸ்தர் உன்னிடம் சொன்னது இது. "அதுல நான் ஒரு நாளும் வாய் வச்சதில்லக்கா. செடிக்கு ஊத்துவேன். எனக்குக் குடிக்க வெள்ளம் குப்பியில கொண்டுதான் போவேன்."

பிறகு மற்றவையும் கண்ணில் பட்டன. இருவருக்கும் காலில் அறுவைசிகிச்சை செய்துகொண்ட இளைய மகன். இருவர் வீட்டிலும் மழையில் சரிந்த ஒரே பின்சுவர். எழுத்தில் தனித்தனியாக இருந்தபோது இது எல்லைப்பக்கத்து ஏழைக் குடும்பங்களின் பொதுக் கதை என்று தோன்றியிருந்தது.

ஒப்புதல் படிவங்கள் உன் வீட்டில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்குப் பஸ்ஸில் போனேன். உன் கணவர் வாழைத்தோட்டத்திலிருந்து வந்து கைகழுவிவிட்டு உன் அலமாரியைத் திறந்துகொடுத்தார். இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் படிவத்தில் நீ எழுதிய பெயரும் அவள் கையெழுத்தும் ஒன்றே. என் படிவத்தில், மேலே என் அழகான கையெழுத்தில், அந்த வீட்டு எஜமானி எனக்குச் சொன்ன பெயர். கீழே அவள் தமிழில், தெளிவாக, எழுத்தெழுத்தாகத் தன் சொந்தப் பெயரை, உன் படிவத்தில் இருக்கும் அதே பெயரைப் போட்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் முதலில் வேலை செய்தவளின் பெயரையே அடுத்தடுத்து வருகிற எல்லோருக்கும் வைத்துக் கூப்பிடுவார்கள். அது எனக்குத் தெரியாத வழக்கமல்ல. பல வீடுகளில் உண்டு. தனி டம்ளர் எங்கள் வீட்டிலும் இருந்தது. அது வேறு உலோகம் என்பதால் புள்ளி தேவைப்படவில்லை. எல்லாம் தெரிந்தும், எஜமானி சொன்ன பெயரை எழுதிக்கொண்டேன். கையெழுத்து வாங்கினேன். கையெழுத்தைப் படிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பல்கலைக்கழகப் பட்டங்களும் இருபது வருடச் சந்தேகமும் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு உதவவில்லை.

நீ இடத்தைக் குறித்து வைத்திருந்தாய். "வண்டி, பின்னாலிருந்து மூணாவது பெட்டி, பாறசாலை ஏறி நெய்யாற்றின்கரை வரை." என் பேட்டிக்கு ஓரத்தில் உன் பென்சில்: "எங்க வச்சு? வீட்டுக்காரி பக்கத்துல நின்னாளா?" நின்றாள். நான் அந்த நிரலை வெட்டாமல் விட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அப்போதே பார்த்திருப்போம். உன் நோட்டு இல்லாதிருந்தால் இப்போதும் பார்த்திருக்க மாட்டேன்.

உன் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? இரண்டு வகைப் பெண்கள் இல்லை, ஒருத்திதான் என்றால் மூன்றாம் பகுதியே நிற்காது. புதிதாக எழுத வேண்டும். ஆசிரியருக்கு நம் தவற்றைத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் மறுத்துவிடலாம். மறுத்தால் உன் பெயர் தாங்கிய கடைசிக் கட்டுரை அதுதான், அது வராமலே போகும்.

அவர் படிவங்களைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"இத வேற யாருக்காவது தெரியுமா தங்கச்சி?"

"இல்லை அண்ணா."

"அவளுக்க பேரு இன்னும் ஒரு தடவ அச்சுல வரட்டு. அவளுக்கு அது கெடைக்கண்டாமா?" பிறகு, "எனக்கு இதெல்லாம் மனசிலாவாது. நீ அவகூட இருந்தவ. ஒனக்குத் தெரியும்" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. சில நாளாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மதிப்பீட்டாளர் கேட்டது டம்ளரைப் பற்றி மட்டும். "மேலும் ஒருவர் குறிப்பிட்டார்" என்று ஒரு வரி எழுதினால் போதும். கட்டுரை வந்துவிடும். உன் பெயர் வரும், குறியோடு. உன் மகள் அதைத் தன் போனில் எல்லோருக்கும் காட்டுவாள். அந்த வரியை எழுதியும் பார்த்தேன். உரக்கப் படித்தேன், உன் குரலில். பாதியில் மூச்சு முட்டியது.

ஆகவே மூன்றாம் பகுதியைப் பிரித்துப்போட்டேன். பொறுத்துப்போகிறவள், எதிர்த்து நிற்கிறவள் என்று இரண்டு வகை கிடையாது. ஒரே பெண் எங்கே நின்று பேசுகிறாள், யார் காதில் விழும் என்பதைப் பொறுத்து இரண்டும் ஆகிறாள். நீ பென்சிலால் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு அவளே பதில். இந்த நான்கு நாளில் எழுதியது பழையதைவிட நல்ல கட்டுரை என்று நினைக்கிறேன். இதழும் அப்படி நினைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தடை மீதி இருக்கிறது. அவள் தனித்தனியாகச் சொன்ன இரண்டையும் ஒருத்தி சொன்னதாகச் சேர்த்து எழுத அவள் இன்னும் அனுமதி தரவில்லை. அந்த வீட்டில் அவள் வேலைக்கு ஆபத்து வரலாம். நாளைக் காலை உன் ரயிலில் ஏறி அவளைப் பார்க்கப் போகிறேன். அவள் வேண்டாம் என்றால் மூன்றாம் பகுதியே இல்லாமல் அனுப்புவேன். அது ஏறக்குறைய மறுப்பைக் கேட்டு வாங்குவது.

உனக்கு நன்றி சொல்லவே இதை எழுதத் தொடங்கினேன், தவற்றைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் வேறல்ல என்று தோன்றுகிறது. என்னோடு வேலை செய்தவர்களில் பலர் என் கட்டுரையை மெருகேற்றியிருக்கிறார்கள். என்னை என்னிடமிருந்து காப்பாற்றியவள் நீ ஒருத்தி. யார் எதைச் சொன்னாலும் இப்போது முதலில் எனக்குள் கேட்பது உன் கேள்விதான். வகுப்பில், குழுக்கூட்டத்தில், என் அம்மா தொலைபேசியில் "நான் சௌக்கியமா இருக்கேன்" என்று சொல்லும்போதும் கூட. எங்கே இருந்து சொல்கிறாள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது இனி என்னோடுதான் இருக்கும்.

*

வியாழக்கிழமை. நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

விடிவதற்குள் பஸ் பிடித்துப் பாறசாலை போய், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏறினேன். அவள்தான் முதலில் என்னைக் கண்டாள்.

"வீட்டுக்கு வந்த டீச்சரில்லியா? இங்க என்ன, வழி தெத்திப்போச்சா?"

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்ததும், "அந்தக்கா எங்க? கொறே நாளா வண்டியில காணல்லியே" என்றாள்.

சொன்னேன். நெய்யாற்றின்கரை வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க, எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

இரண்டு படிவங்களையும் காட்டி, நான் செய்த தவற்றைச் சொன்னேன். அவள் தன் கையெழுத்துகளைப் பார்த்தாள். அவளுக்கு அதில் வியப்பே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே எடமுன்னு எனக்கு அப்பமே தெரியும். பேப்பரு ஒண்ணுதானே. வீட்டுல வச்சுக் கேட்டீங்க, வீட்டுக் கதை சொன்னேன். அக்கா வண்டியில வச்சுக் கேட்டாங்க, வண்டிக் கதை சொன்னேன். ரெண்டும் நான் சொன்னதுதானே. சேத்து எழுதுங்க."

"அந்த வீட்டுல தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமாகாதா?"

"அங்க விட்டு நாலு மாசமாச்சு டீச்சரே. இப்ப வேற வீடு."

"கட்டுரையில உங்களுக்கு ஒரு பேர் வைக்கணும். சொந்தப் பேர் போடக் கூடாது. நீங்களே சொல்லுங்கோ."

"எதுன்னாலும் வையுங்க. அந்த வீட்டுல என்னை விளிச்ச பேரு மட்டும் வைக்காண்டாம்."

எஸ்தர் போதுமா என்று கேட்டேன். சரியென்று தலையாட்டி, "கொள்ளாம்" என்றாள். புதிய படிவத்தை முழுவதும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ரயில் ஆடியதில் கையெழுத்து கோணலாக விழுந்தது. இந்த முறை படித்தேன்.

பத்து மணிக்குத் துறைக்கு வந்து வரம்புகள் பத்தியைத் திருத்தினேன். "முப்பத்தொன்பது பெண்களிடம் பேசினோம். அவர்களில் ஒருவரிடம் இருமுறை, இரண்டு இடங்களில், அவர் ஒருவரே என்று அறியாமல் பேசினோம்." இடத்துக்கான நிரலைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு இடம் வேண்டி, என் முன்னுரையில் நானே மிகவும் ரசித்த இரண்டு பக்கங்களை வெட்டினேன். கேள்விக்கு "ஆம்" என்று குறித்துவிட்டு, ஆசிரியருக்கான கடிதத்தின் முதல் பத்தியில் அது ஏன் முழு உண்மையல்ல என்பதையும், நம் தவற்றையும், அதைக் கண்டுபிடிக்க உதவியது உன் குறிப்புகள்தான் என்பதையும் எழுதினேன். மூன்று மணிக்கு அனுப்பினேன். ஏற்பார்களா என்று தெரிய மாதங்கள் ஆகும்.

நான்கு மணிக்கு உன் கணவர் கூப்பிட்டார். உன் போனை அவர் இன்னும் அணைக்கவில்லை.

"தங்கச்சி, அவளுக்க மெயிலுக்கு அந்த ஜர்னல்காரங்க எழுதியிருக்காங்க. மோளுகிட்ட படிக்கச் சொன்னேன். ஒனக்க பேரும் அவளுக்க பேரும் போட்டு, கட்டுரை வந்து சேந்துன்னு இருக்காம். இதுல நீங்க கூட எழுதினவரு இல்லைன்னா உடனே அறிவிக்கணுமாம். எழுதினவருன்னா ஒண்ணும் செய்யாண்டாமாம். நான் இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அண்ணா."

தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப அப்படியே கெடக்கட்டு" என்றார்.